ஊரூர்க் குப்பத்தில் நான் பேசிய ஜப்பான் பாஷை

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னவன். நாற்பத்திரண்டு சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டியபோது, தியாகராய நகர் போட்டோ ஸ்டுடியோவில் நெஞ்சை நிமிர்த்தி நின்றவன் நான் ஒருவன்தான். எனக்கு ஜப்பான் பாஷை தெரியும். லஸ் பக்கம் பீங்கான் கடை வைத்திருந்த ஜப்பான்காரர் ஒருவர், கப்பலேறும்வரை தினமும் பாடம் சொன்னார்.

ஸ்டுடியோவில் கூட வேலை செய்பவர்கள் இருவர்: படம் பிடித்த கண்ணாடி பிளேட்டைக் கழுவும் கௌஸ் பாய், கல்லாவில் உட்காரும் மயிலாப்பூர் வரதன். "தொக்கோமா" என்றால் வணக்கம் என்று இருவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். அன்றிலிருந்து மூலையில் குசுகுசுப்பு. நான் போனால் கப்சிப். என்னைப் போலீஸில் காட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஒருநாள் காலை ஆறு மணிக்கு ஸ்டுடியோ காமிராவோடு கிளம்பினேன். மயிலாப்பூர் குளம்வரை பஸ்ஸுக்கு ஓரணா, அங்கிருந்து அடையாறுக்கு இன்னும் ஓரணா. எதிர் சீட்டு ஆசாமி வழி முழுக்கப் பத்திரிகையில் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டு வந்தார். வேவு பார்க்கிறவர் என்று உடனே தெரிந்தது. அடையாறு பாலத்தில் இறங்கி, ஊரூர்க் குப்பத்துக்கு ஒன்றரை மைல் நடை.

காயப்போட்ட வலைக்குள் லென்ஸை நுழைத்தேன். கடல் முழுவதும் வலையில் சிக்கியதுபோல் ஒரு படம். இந்த யோசனை வெள்ளைக்காரனுக்கும் வராது.

மீன்கூடையோடு ஓர் அம்மாள் வந்தாள். "இன்னா நைனா, கடலப் படம் புட்ச்சிக்கினு கீறே? யாருக்கு அனுப்பப் போறே?"

"கலைக்காக அம்மா."

"இம்மாம் பேரு மூஞ்சி இங்க கீது. வெறுந்தண்ணியப் புடிக்கறது கலையா?"

கூட்டம் கூடியது. நான் யார் என்று காட்ட வேண்டாமா? "தொக்கோமா!" என்றேன். அதுதான் வம்பாயிற்று. "சப்பான்காரன் ஆளு!" என்று பிடித்துக் கான்ஸ்டபிளிடம் ஒப்படைத்தார்கள். பிளேட்டில் கடற்கரை இருந்தால் ஜெயில் என்று சொல்லி, அவர் என்னை ஸ்டுடியோவுக்கே இழுத்து வந்தார்.

கௌஸ் பாய் என்னை ஒருதரம் பார்த்தார். பிளேட்டோடு இருட்டறைக்குள் போனார். "அரே அல்லா, கதவு தொறந்துகிச்சே!" என்று ஒரு சத்தம். வெளிச்சம் பட்ட பிளேட் முழுக்கக் கறுப்பு. என் வலையும் போயிற்று, கடலும் போயிற்று.

"அப்போ அந்த பாஷை?" என்றார் கான்ஸ்டபிள்.

வரதன் எழுந்தான். "கபாலீஸ்வரர் மேல சத்தியம் சார். இவனுக்கு ஜப்பான் பாஷைல ஒரு எழுத்து தெரியாது. தமிழ்ல ஆத்துக்கு லெட்டர் எழுதவே என்னண்டதான் வருவான்."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு மானம் போயிற்று. வரதனோ கன்னத்தில் போட்டுக்கொண்டான். "உனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேண்டா" என்றான்.

"அப்புறம் மூலையில என்ன குசுகுசுப்பு?" என்று கேட்டேன்.

"உன் பாடம்தான்பா," என்றார் கௌஸ். "சப்பான்காரன் வந்தா சொல்லணுமில்ல? தப்பா சொன்னா நீ சிரிப்பே."

குப்பத்துக்குப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், ஒன்பதுக்குமேல் மணல் சுடும். போகவர நாலணா போதும். காமிரா வேண்டாம்.

இதில் ஒன்றே ஒன்று நான் சேர்த்தது: பீங்கான் கடை ஜப்பான்காரர். அப்படி ஒருவர் இல்லை, தொக்கோமா நானே இட்டுக்கட்டியது. வரதன் செய்தது பொய்ச் சத்தியமே இல்லை. இது தெரியாமல் அவன் அந்தப் பாவம் தீர இன்னும் திங்கட்கிழமைதோறும் பட்டினி கிடக்கிறான்.