பிள்ளையார் முடக்கில் காபட் போட்ட கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், இலையோடு தேய்ந்த கைக்குப் பேனா பழக்கமில்லை. கோயில் விஷயத்தைக் குறையாக எழுதினால் குடும்பத்துக்கு ஆகாது என்று என் சம்சாரமும் தடுத்தாள். கோயில் தலைவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், அந்தப் பயமும் அவளுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, என் அண்ணன் உயிரோடு இருக்கும்வரை அண்ணியின் சாவைப் பற்றி யாரும் வாய் திறப்பதை அவர் விரும்பவில்லை. போன தை மாதம் அண்ணனும் கண்ணை மூடிவிட்டார். இன்று காலை விளக்கேற்றி, பிள்ளையாரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

புளத்கொகுபிட்டியவிலிருந்து கீழே இறங்கும் மெயின் ரோடு எங்கள் தோட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. மேலே நாங்கள் குடியிருக்கும் லயங்களும் தேயிலை மலையும். கீழே ஸ்டோரும் கொழுந்து நிறுக்கிற மடுவமும், வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவும். தலையில் கொழுந்துச் சாக்கோடு பெண்கள் ஒரு நாளைக்குப் பல தடவை அந்த ரோட்டைக் கடந்தாக வேண்டும். கடக்கிற இடமோ ரோடு வளைகிற, எதிரே வருவது தெரியாத குருட்டு முடக்கு. அந்த முடக்கில், பலா மரத்தடியில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு பிள்ளையார் இருந்தார். எண்ணெய் குடித்துக் குடித்து முகமே மழுங்கிப்போன கல். வருகிற பஸ் எல்லாம் அவர் முன்னால் நிற்கும். கண்டக்டர் குதித்து இறங்கி, உண்டியலில் காசு போட்டு, திருநீறு எடுத்து பஸ்ஸின் நெற்றியில் இழுத்துவிட்டுத்தான் ஏறுவான். ஓட்டுகிறவர்கள் அநேகமாகச் சிங்களவர்கள். அவர்கள் மொழியில் அவர் கண தெய்யோ, கணபதி தெய்வம். அவரைக் கும்பிடாமல் அந்த இறக்கத்தில் இறங்க ஒருத்தனுக்கும் துணிவு கிடையாது. பஸ் நின்றால் பின்னால் வரும் லொறியும் நிற்கும். நின்ற பஸ்ஸுக்கு முன்னால் எங்கள் பெண்கள் கடந்து போவார்கள். அதை நாங்கள் பாதுகாப்பு என்று நினைத்ததே இல்லை. சாமி கும்பிட பஸ் நிற்கிறது, நாங்கள் நடக்கிறோம், அவ்வளவுதான்.

அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவி, செம்பருத்தி வைத்துவிட்டுத்தான் அண்ணி மலைக்கு ஏறுவார். பக்தி எவ்வளவோ வாயும் அவ்வளவு. கங்காணியே அவரிடம் ஒரு வார்த்தை கேட்க யோசிப்பார். "சாமிகிட்ட மட்டுந்தான் நான் பணிவு. மத்தவங்க எல்லாம் வரிசையில நிக்கட்டும்" என்பார்.

ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்த வருஷம், கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் சிலர் பிளாஸ்டிக் கதிரை போட்டு முடக்கில் உட்கார்ந்தார்கள். கையில் ஒரு சின்ன மெஷின். வாகனம் போகப் போக அதை அமுக்கி எண்ணினார்கள். ஆராய்ச்சியாம். சாப்பாட்டுப் பார்சலைப் பிள்ளையாரின் படியிலேயே வைத்தார்கள். அண்ணி அவர்களிடம் சிங்களத்தில், "ரோட்டுல நடக்குற எங்கள எப்ப எண்ணுவீங்க?" என்று கேட்டார். "அதுக்கு இதுல பட்டன் இல்ல அக்கே" என்று ஒரு பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் சூது இல்லை. ஆனால் அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தவனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அந்த ஆராய்ச்சி என்ன கண்டுபிடித்தது என்பதைச் சொல்ல ரோட்டு இலாகா அதிகாரி, எங்கள் வாயில் ரோட்டு மாத்தயா, வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, சேறு படாத சப்பாத்து. இந்த ஒரு முடக்கில் எல்லா பஸ்ஸும் நின்று நின்று போவதால் நாட்டுக்குப் பெரிய நேர நட்டம் என்றார். பஸ் நிற்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்! பார்த்து, அதை நட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். சிலையை எடுத்தால் மேலே லயத்துப் பக்கம் புதுக்கோயில் கட்ட அரசாங்கம் உதவும் என்றார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்லக் கோயில் தலைவர் தமிழில் சொன்னார். தமிழில் வரும்போது கோயில் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

யாரும் எதிர்க்கவில்லை. சாமி தூசிக்குள்ளும் டீசல் புகைக்குள்ளும் இருக்கிறாரே என்று எங்களுக்கும் மனக்குறை இருந்தது. செடி வெட்டுகிற கவ்வாத்துக்கு ஒரு சாமி, ஸ்டோரில் சுற்றுகிற ரோதைக்கு ஒரு முனி என்று தொழிலுக்கொரு தெய்வம் வைத்து வாழ்கிற சனம் நாங்கள். ரோட்டுக்கு இருந்த தெய்வத்தை மட்டும் மேளம் அடித்து ரோட்டைவிட்டுத் தூக்கிக்கொண்டு போனோம். அண்ணிதான் முன்னால் குத்துவிளக்கு ஏந்தி நடந்தார். மேலே போனதும் தலைவர், "மூக்கு தேஞ்ச கல்ல வச்சா நாலு பேரு மதிப்பாங்களா?" என்று இந்தியாவிலிருந்து வந்த கருங்கல் சிலையை உள்ளே வைத்தார். பழைய பிள்ளையார் பின்பக்கம், தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கீழே ரோட்டை அகலமாக்கி, காபட் என்கிற வழவழப்பான தார் போட்டார்கள். செலவுத் தொகை எழுதிய பலகையில் இருந்த சைபர்களை வாசிக்க எங்கள் தோட்டத்தில் ஆள் இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டினார்கள். கானுக்கும் தாருக்கும் நடுவே ஒரு மனிதன் கால் வைக்க இடம் விடவில்லை. பஸ் நிற்பதும் நின்றது. ஆனால் பயம் போகவில்லை. சாமி இருந்த இடத்தைச் சும்மா தாண்டக்கூடாது என்று, ஓடுகிற பஸ்ஸின் மிதிபலகையிலிருந்தே கண்டக்டர்கள் காசை வீசினார்கள். காசு தாரில் விழுந்து உருளும். அண்ணி அதைப் பொறுக்கி, முந்தானையில் முடிந்து, மேலே உண்டியலில் கொண்டுபோய்ப் போடுவார்.

"அண்ணி, வேணாம். வண்டி வர்ற வரத்தப் பாத்தீங்கதானே" என்று எத்தனையோ தரம் சொன்னேன்.

"ரோட்டுல கெடக்குறது சாமி காசு தம்பி. அத மிதிச்சிட்டுப் போயி எந்தக் கையால வெளக்கேத்துறது?"

நானும் மிதிக்க மாட்டேன். எங்கள் தோட்டத்தில் யாரும் மிதிக்க மாட்டார்கள்.

முடக்கில் வாகனம் தட்டி ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கை முறிந்த பிறகு, வீதிப் பாதுகாப்புப் பயிற்சி என்று ரோட்டு மாத்தயா திரும்ப வந்தார். அதற்கும் அரசாங்கம் தனியாகப் பணம் ஒதுக்கியிருந்ததாம். வந்தவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், உண்டு என்று தோட்டத்துத் தொரை சொன்னதால் எல்லாரும் போனோம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் சுண்ணாம்பால் ரோடு வரைந்து, எங்கள் பெண்களுக்கு மஞ்சள் தொப்பி மாட்டி, வலது பக்கம் பார், இடது பக்கம் பார் என்று கடக்க வைத்தார். பஸ்ஸாக நடிக்கத் தலைவரை விட்டார். தலைவர் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு பாம் பாம் என்று ஓடிவந்தார்.

"இந்த பஸ்ஸு நம்மளக் கண்டா நிக்காது புள்ள. சாராயக் கடையக் கண்டாத்தான் நிக்கும்" என்றார் அண்ணி. களமே சிரித்தது.

பிறகு அண்ணி சிரிக்காமல் கேட்டார். "மாத்தயா, எங்களுக்கு நடக்கப் படிச்சுக் குடுத்துட்டீங்க. பஸ்ஸுக்கு நிக்கப் படிச்சுக் குடுக்குறது யாரு?"

தலைவர் அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. அண்ணியே சொன்னார். மெயின் ரோட்டில் தடுப்பு மேடு போட்டால் வேகம் குறைந்துவிடும், அதற்காகவா இவ்வளவு செலவழித்தோம் என்று மாத்தயா திருப்பிக் கேட்டார். போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும், அடுத்த தோட்டத்துக்கு வேண்டும் என்று தொப்பிகளைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணி போனது மழை விட்ட ஒரு காலை நேரம். ஒரு பஸ் காசை வீசிவிட்டுப் போயிருக்கிறது. சாக்கைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு அண்ணி குனிந்திருக்கிறார். முடக்கில் வேன் வந்தது. நான் ஸ்டோர் வாசலில் நின்றேன். பிரேக் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு பெண்களின் சத்தம். அதே வேனில் ஏற்றிக்கொண்டு கேகாலை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியிலேயே, அண்ணனின் மடியில், எல்லாம் முடிந்துவிட்டது. முந்தானை முடிச்சு மட்டும் அவிழவில்லை.

விசாரணையில் ரோட்டு மாத்தயா சொன்னது என் காதில் இன்னும் நிற்கிறது. "இவர் பயிற்சி பெற்றவர். தெரிந்துகொண்டே ரோட்டின் நடுவில் குனிந்தது அவருடைய பிழை." எங்களுக்குப் படித்துக் கொடுத்தது எதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. செத்தால் பழியை எங்கள் தலையில் வைப்பதற்கு. பிறகு முடக்கில், பிள்ளையார் இருந்த அதே மண்ணில், விபத்து நடக்கும் இடம் என்று மும்மொழியில் ஒரு பலகை நட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணன் எழுந்து மேலே கோயிலுக்குப் போனார். பைப்படியில் இருந்த பழைய பிள்ளையாரைத் தோளில் தூக்கினார். நானும் ஒரு கை கொடுத்தேன். மலையிலிருந்த பெண்கள் எல்லாம் கூடையோடு பின்னால் வந்தார்கள். தலைவர் ஓடிவந்து, "மச்சான், சாமி குத்தம் ஆயிரும்!" என்று கத்தினார். அண்ணியோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த ஒரு அக்கா நின்று திரும்பினார். "ரோட்டுக்காரன் சொல்லித் தூக்குனா குத்தமில்ல, நாங்க தூக்குனா குத்தமா தலைவரே?"

பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அது நின்ற இடத்திலேயே, தாரின் ஓரத்தில், பிள்ளையாரை வைத்தோம். யுத்த காலம் அது. தமிழ்ச் சனம் நாலு பேர் ரோட்டில் கூடினாலே என்ன பேர் வைப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியும் ஒருத்தரும் நகரவில்லை. பொலிஸ் வந்தது, ரோட்டு மாத்தயா மண் தோண்டும் பெக்கோ மெஷினோடு வந்தார். கல்லைத் தள்ளச் சொன்னார். பெக்கோக்காரன் இறங்கி, செருப்பைக் கழற்றினான். "நான் புள்ளகுட்டிக்காரன் சேர். வேற யாரையாவது சொல்லுங்க" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றான். பொலிஸ்காரர்களைப் பார்த்தார் மாத்தயா. அவர்கள் மரத்தைப் பார்த்தார்கள். அந்த நேரம் மேலேயிருந்து ஒரு பஸ் வந்தது. ட்ரைவர் பிரேக் போட்டு எட்டிப் பார்த்தார். "ஆ, கண தெய்யோ திரும்ப வந்துட்டாரா" என்றார். கண்டக்டர் இறங்கிக் காசைக் கல்லின் காலடியில் வைத்தான். பின்னால் லொறி நின்றது, அதற்குப் பின்னால் வேன் நின்றது. ரோட்டு மாத்தயா கையை ஆட்டி ஆட்டிப் போகச் சொன்னார். ஒருவனும் நகரவில்லை. பெண்கள் கூடைகளோடு, அவசரப்படாமல், ரோட்டைக் கடந்தார்கள்.

அன்றையிலிருந்து அந்த முடக்கில் ஒரு உயிர் போகவில்லை. ஆனால் கதையைத் திருடிவிட்டார்கள். மாத்தயா இப்போது எங்கள் முடக்கின் படத்தைப் பயிற்சிக்குக் கொண்டுபோய், மக்கள் ஒத்துழைப்புக்கு உதாரணம் என்று காட்டுகிறாராம். அதைக்கூட விட்டுவிடலாம். தலைவர் செய்ததுதான் ஆறவில்லை. ஒவ்வொரு திருவிழாவிலும் மைக்கைப் பிடித்து, இடம் மாற்றியதால் கோபம் கொண்ட பிள்ளையார் ஒரு சுமங்கலியைப் பலி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார் என்று சொல்கிறார். கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அண்ணன் கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்து அதை வருஷா வருஷம் கேட்டார். தன் பெண்சாதியைக் கொன்றது தான் கும்பிடுகிற சாமிதானோ என்ற சந்தேகத்தோடுதான் அவர் போய்ச் சேர்ந்திருப்பாரோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள், பக்கத்தில் இருப்பவருக்கு இதை நான் எழுதியபடியே சொல்லுங்கள். அழகுக்காக ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம், பலி என்ற சொல்லை மட்டும் நுழைய விட வேண்டாம். எங்கள் பிள்ளையார் கேட்டதெல்லாம் ஒரு செம்பருத்தியும் கொஞ்சம் எண்ணெயும். என் அண்ணியை எடுத்தது ரோடு.