கோபக்கார கஸ்டமர்

டோக்கன் அக்கா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் நம்பரைக் கூப்பிட்டவள். அந்த வேலைக்கு மெஷின் வந்தது, அவள் வீட்டோடு கிடந்தாள். வீட்டில் லாரி மெக்கானிக் கணவன், தொட்டதற்கெல்லாம் கை நீட்டுகிற ஜென்மம்.

வீட்டிலிருந்தே போனில் புகார் கேட்கிற வேலைக்கு இன்டர்வியூ என்று தகவல் வந்தது. வேலை கிடைத்தால் வேறு ஊரில், உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறைக்குப் போய்விடலாம். அதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் கணவனிடம் வேறொன்றை உளறிவிட்டாள். "இன்டர்வியூல கோபப்படுற கஸ்டமர் மாதிரி கத்துவாங்களாம். நாம பொறுமையா பேசறோமான்னு பார்ப்பாங்களாம்."

"அவ்வளவுதானே? நான் கத்துறேன், நீ பழகு," என்றான் அவன்.

முதல் நாள் வாய்க்கு வந்தபடி கத்தினான். "உங்க கோபம் புரியுது சார். விவரம் சொல்லுங்க, பார்த்துச் சொல்றேன்," என்றாள். இரண்டாம் நாள் அந்தப் பதிலே அவனைக் கிளப்பிவிட்டது. "கிண்டலா பண்றே?" என்று காதோடு சேர்த்து அறைந்தான். மூன்றாம் நாள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. "பதிலைச் சொல்லுடி," என்றான். குரல் தடுமாறினால் இன்னொன்று விழும்; தடுமாறாமல் சொல்லப் பழகிக்கொண்டாள். நாசமாய்ப் போகிறவன், பாடம் மட்டும் ஒழுங்காக நடத்தினான். நான்காம் நாள் சுண்டுவிரல் ஒடிந்தது.

இன்டர்வியூ காலை பத்து மணிக்கு. கேமரா வேண்டாம், குரல் போதும் என்றார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு, கட்டுப் போட்ட விரலோடு அதன் முன்னால் உட்கார்ந்தாள். அவன் கதவோரம் நின்றான்.

நாலைந்து கேள்விகளுக்குப் பிறகு அதிகாரி திடீரென்று கத்தினார். "மூணு நாளா அலைய விடறீங்க, என்னம்மா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

அவளுடைய இரண்டு கைகளும் தாமாக எழுந்து தலையை மூடிக்கொண்டன. உடம்பு நாற்காலிக்குள் சுருண்டது. குரல் மட்டும் அசையவில்லை. "உங்க கோபம் புரியுது சார். விவரம் சொல்லுங்க, பார்த்துச் சொல்றேன்."

அதிகாரி அசந்துபோனார். "பதற்றமே இல்லையேம்மா. திங்கட்கிழமை சேர்ந்துடுங்க. இவ்வளவு பொறுமையை எங்க கத்துக்கிட்டீங்க?"

கதவோரம் நின்றவன் இளித்துக்கொண்டே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். நான்தான்னு சொல்லு.

சொன்னாள். "வீட்டுக்காரர் அடிச்சு அடிச்சுக் கத்துக்கொடுத்தார் சார். நெத்தி பிளந்திருக்கு, விரல் ஒடிஞ்சிருக்கு. இதோ, பக்கத்துலதான் நிக்கிறார். திங்கட்கிழமை வரைக்கும் நான் உயிரோட இருக்கணும். விலாசம் சொல்றேன், போலீசுக்குப் போன் பண்ணுங்க."

இளிப்பு மாறாமல் அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு பாய்ந்தான். கதவு எண்ணிலிருந்து தெருப் பெயர் வரைக்கும் அவள் சொல்லி முடித்த பிறகுதான் முதல் அடி விழுந்தது.