அருகு பிடுங்கிய ஞாயிறு

எங்கள் வம்சத்தில் புல் நட்டுப் பிழைத்த முதல் ஆள் என் அப்பாதான். மல்லசமுத்திரத்துப் பக்கம் இருந்த எங்கள் காட்டில் தாத்தா, அவருடைய அப்பா என்று எல்லோரும் புல்லைப் பிடுங்கியே முதுகு வளைந்தவர்கள். அதிலும் அருகம்புல் என்றால் பரம்பரைப் பகை. ஒரு கணு மண்ணில் தங்கிவிட்டால் போதும், அடுத்த மழைக்குக் காடு முழுக்க ஏறிவிடும். அப்பா சேலத்துக்கு வந்து, வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களாக்களில் தோட்டம் போட்டுக்கொடுக்கும் காண்ட்ராக்டர் ஆனார். ரோஜாப் பாத்தி, குரோட்டன்ஸ், செம்மண் பாதை, எல்லாவற்றுக்கும் நடுவே பாய் விரித்தாற்போல் புல்தரை. அந்தப் புல்தரைக்கு அவர் நட்டதும் அதே அருகைத்தான். கூலிக்கு ஆள் வைத்து அருகு நடுகிற விஷயத்தை ஊரில் ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஊருக்கு அவர் போவதும் இல்லை. தாத்தா காலமான பிறகு கிணறு வற்றியது. இருக்கிற காடு அண்ணன் தம்பி இருவருக்கும் போதவில்லை. அப்பா சேலத்துக்குக் கிளம்புகிறேன் என்றதும் பெரியப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும், "போறவன் போயிரு. இனி இந்தக் காட்டுல காலை வெச்சராதே" என்று சொல்லிவிட்டார். அப்பாவும் ரோஷக்காரர், வைக்கவே இல்லை. நான் பிறந்து, எனக்குக் காது குத்தி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்துக் கிடையாது. அம்மாதான் கல்யாண வீடுகளில் யாரையாவது பிடித்து, இப்படியே இருந்தால் எப்படி என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், அம்மாபேட்டையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் ஒரு பை நிலக்கடலையோடு பெரியப்பா வந்து நின்றார். அவரை நான் பார்த்ததே அன்றுதான். அப்பாவின் மூக்கு, அப்பாவின் காது, உடம்பு மட்டும் வெயிலில் காய்ந்த உடம்பு. அப்பா "வாங்க" என்றார். பெரியப்பா "ம்" என்றார். அதற்குமேல் பேச்சு ஓடவில்லை. ஏற்காட்டு அடிவாரத்தில் ரோஜாப் பதியன் எடுத்துவர வண்டி பேசியிருக்கிறது, விடியுமுன் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு அப்பா படுக்கப் போய்விட்டார்.

அவர் உள்ளே போனதும் பெரியப்பா அம்மாவிடம் தணிந்த குரலில், "நோம்பி சாட்டியாச்சு, அம்மணி. அவனைக் கூப்புட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். மூஞ்சியைப் பாத்தா வாய் வரமாட்டீங்குது" என்றார். நோம்பி என்றால் எங்கள் பக்கம் கோயில் திருவிழா.

"நாளைக்குச் சொல்லீருங்க. அவரும் உள்ளுக்குள்ள அதுக்குத்தான் ஏங்கிக் கெடக்கறாருங்க" என்றாள் அம்மா.

சும்மா உட்கார்ந்திருக்கப் பெரியப்பாவுக்கு வராது. காலையில் அப்பா வேலை செய்யும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். நான் கூட்டிப்போனேன். அது அஸ்தம்பட்டியில் ஒரு துரையின் பங்களா, அப்பாவுக்குக் கிடைத்த முதல் பெரிய காண்ட்ராக்ட். ஏற்காட்டுக்குப் போயிருந்த துரை மறுநாள் இறங்கி வந்து தோட்டத்தைப் பார்ப்பார், அவருக்குப் பிடித்துவிட்டால் பக்கத்துப் பங்களாக்களும் அப்பா கைக்கு வரும் என்று வீட்டில் ஒரே பேச்சாக இருந்தது. ஞாயிறு என்பதால் வேலையாட்கள் இல்லை, காவல்காரர் மட்டும் இருந்தார். காண்ட்ராக்டருக்கு அண்ணன் என்றதும் அவர் எழுந்து நின்று கேட்டைத் திறந்துவிட்டார்.

பெரியப்பா ரோஜாப் பாத்தியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பங்களாவுக்கு முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். நன்றாகக் கொத்தி, மட்டம் பார்த்து, தண்ணீர் பாய்ச்சிய மண். அதில் ஒரு பயிரும் இல்லை, எங்கே பார்த்தாலும் அருகு.

"அட, அருகை ஏறவுட்டுப்போட்டானே" என்றார்.

"அது அப்பா நட்டதுங்க, பெரியப்பா."

அவர் சிரித்துவிட்டார். "அருகை ஆராச்சும் நடுவாங்களா, சாமி?"

அவர் கேட்ட விதத்தில் எனக்கே நான் உளறிவிட்டதாகப் பட்டது. களைக்கொத்து ஒன்றைத் தேடி எடுத்து, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஒரு ஓரத்தில் குந்தினார். வேர் அறாமல் கணுக்கணுவாகப் பெயர்த்து, மண் உதறி, திரும்பத் துளிர்க்காமல் இருக்கப் பங்களாப் படிகளில் வெயிலில் பரப்பினார். நானும் அள்ளிக்கொண்டுபோய்ப் போட்டேன். "உங்கப்பன் வந்து பாக்கட்டும். இதைப் பாத்தாவது மூஞ்சி தெளியும். அப்பறம் நோம்பிக்குக் கூப்புட்டர்றேன்" என்று என்னிடம் ரகசியம் போலச் சொன்னார். உச்சிப்பொழுதுக்குள் பங்களாவின் முன்புறம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிட்டது.

அப்பாவின் வண்டி உள்ளே வந்தது. பெரியப்பா முதுகை நிமிர்த்தினார்.

"வாடா தம்பி. ஒரு வேர் உட்டுவெக்கலை, பாரு!"

அப்பா மண்ணைப் பார்த்தார். படிகளில் வதங்கிக் கிடந்த புல்லைப் பார்த்தார்.

"உங்களை ஆரு இதைப் பண்ணச் சொன்னா? அந்தப் புல்லுக்குத்தான் துரை எனக்குக் கூலி குடுக்கறாரு! அன்னைக்குக் காட்டை உட்டுத் தொரத்துனீங்க. இங்கிருந்தும் தொரத்த வந்துட்டீங்களா?"

வண்டிக்காரரும் காவல்காரரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை, விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நீ நட்டதா இது?" என்று கேட்டார். பெரியப்பா படிகளுக்குப் போய்ப் புல்லை மடி நிறைய அள்ளி வந்தார். மண்டி போட்டு, விரலால் குழி பறித்து, ஒவ்வொரு கணுவாகத் திரும்ப நட ஆரம்பித்தார். அத்தனை காலம் அருகைப் பிடுங்கிய கைக்கு அதை நட வரவில்லை, தடுமாறியது. பிறகு அப்பா குடத்தை எடுத்து, அண்ணன் நட்ட இடத்துக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பின்னால் போனார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் தாழ்ந்ததும் வண்டிக்காரர் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

புல் பிழைத்துக்கொண்டது. துரை மலையிலிருந்து இறங்கச் சில நாள் தாமதமானது, அதற்குள் அருகு தன் குணத்தைக் காட்டிவிட்டது. பக்கத்துப் பங்களாக்களும் அப்பாவுக்கு வந்தன. நோம்பிக்குப் போகலாம் என்று அம்மா எவ்வளவோ மன்றாடினாள். அண்ணன் தன் வாயால் கூப்பிடவில்லையே என்று அப்பா அசையவில்லை. நோம்பி முடிந்த கொஞ்ச நாளில் பெரியப்பா காய்ச்சலில் போய்விட்டார். அன்றைக்கு அப்பாவை யாரும் கூப்பிடவேண்டியிருக்கவில்லை. சாவு வீட்டில் அவர் அழுத அழுகையைப் பற்றி ஊரில் வெகுநாள் பேசினார்கள். எனக்கு இன்றும் தாங்கமுடியாமல் இருப்பது அதுவல்ல, அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைதான்.

வண்டியிலிருந்து குதித்து உள்ளே ஓடி, "அப்பாவும் பெரியப்பாவும் ராசியாயிட்டாங்கம்மா! ஒண்ணா வேலை செய்யறாங்க" என்றேன். அப்பா கத்தியதை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை, அவர் தினமும் யாரிடமாவது கத்துகிறவர்தான். அதற்குப்பிறகு அவ்வளவு நேரம் சத்தமே இல்லாமல் இருந்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. உடனே பருப்பை வேகப்போட்டு, வெல்லம் தட்டி, போளி மாதிரியான ஒப்பிட்டு சுட உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டாள்.

விளக்கு வைத்த பிறகு அப்பா தனியாக வந்தார். அம்மா அவருக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் கெளம்பிட்டாரு" என்றார் அப்பா.

"சாப்புடாமயா? நோம்பிக்குக் கூப்புட்டாருங்களா?"

"என்ன நோம்பி?" என்று கேட்டார் அப்பா.

அம்மா குனிந்து ஓர் இலையை எடுத்துச் சுருட்டினாள். பெரியப்பாவுக்கு வைத்திருந்த ஒப்பிட்டும் எனக்குத்தானே என்று கேட்டேன். நெய் ஊற்றி என் தட்டில் வைத்தாள். பெரியப்பா இப்படி அடிக்கடி வந்துபோனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே அத்தனையையும் தின்றேன்.