இருந்தா தச்சு வச்சிருப்பேன்

இடுப்பளவை எடுத்து, சாக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு, "வியாழக்கிழமை வாங்க. நான் இருந்தா தச்சு வச்சிருப்பேன்" என்கிறார் தையல்காரர். ஏன், வெளியூர் போகிறீர்களா என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், விரலால் கூரையைக் காட்டுவார்.

எண்பத்தாறு வயது. முப்பது வருஷமாக இதே பாட்டு. அப்பா ஐம்பத்தேழில் போனார். இரண்டு தம்பிகளும் அறுபதைப் பார்க்கவில்லை. எல்லாம் மாரடைப்பு. "எங்க வம்சத்துக்கே நெஞ்சு வீக்குங்க." ஐம்பத்தொன்பதாவது வயதில் தன் நல்ல கத்தரிக்கோலை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டு, எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து வெட்கத்தை விட்டுப் போய் அதைத் திருப்பி வாங்கி வந்தார். மச்சினன் போய்ச் சேர்ந்தே பத்து வருஷமாகிறது. இவர் இன்னும் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிறார், கல்லுக்குண்டாக! குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டே பேசுவார். பார்க்கிற நமக்குத்தான் பகீரென்கிறது.

போன மாதம் இதே பேச்சு மகன் வாயில் வந்தது. மகன் பஸ் டிரைவர், ஐம்பத்தெட்டு வயது. சட்டைக் காலர் நைந்துவிட்டதே என்றால், "எனக்கெதுக்குப்பா புதுசு? இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றாராம். மருமகள் கடைக்கே வந்து அழுதார். "சரியாச் சாப்பிடக்கூட மாட்டேங்கிறாரு மாமா. எந்நேரமும் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டே இருக்காரு."

"என் வாய்தாங்க காரணம்" என்றார் கிழவர், பக்கத்துக் கடையில் இருக்கும் என்னிடம், கண் கலங்கி. "விளையாட்டாச் சொல்லிச் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தி வச்சுட்டேன்."

எண்பத்தைந்து தாண்டியவர்களின் மரபணுவை ஆராய்கிற டாக்டரம்மா ஒருவரை இரண்டு முறை விரட்டியடித்தவர், தானாகவே போய்க் கையை நீட்டினார். நாளெல்லாம் ஊசியோடு புழங்குகிற மனுஷன், ஆஸ்பத்திரி ஊசிக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். துணைக்குப் போன எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முடிவு வந்தது. அந்தக் குடும்பத்தில் ஓடுவது பிறவியிலேயே வந்து மாரடைப்பில் கொண்டுபோய் விடும் கொழுப்புக் கோளாறு. தம்பி மகளுக்கு இருக்கிறது; மாத்திரையில் அடங்கியிருக்கிறது. "உங்களுக்கு அது வரவே இல்ல ஐயா. உங்ககிட்ட இல்லாதது உங்க மகனுக்கு எப்படி உங்ககிட்டருந்து போகும்?" என்றார் டாக்டரம்மா. "நீங்க இவ்வளவு நாள் இருக்கிறதுக்கு வேற என்ன காரணம்னுதான் தேடிக்கிட்டிருக்கோம்."

"அடக் கடவுளே! அப்ப இத்தனை வருஷமா சும்மாவா பயந்தேன்?"

நேற்று மகனைக் கடைக்கு இழுத்து வந்து அளவெடுத்தார். மேஜையில் துணியை விரித்து, தையலுக்கு உள்ளே மடிகிற துணிக்காக ஓரத்தில் இரண்டு விரல் வைத்தார்.

"எதுக்குப்பா அவ்வளவு உள்ள விடுறீங்க?"

"அறுபத்தஞ்சுல தொப்பை போடுமேடா. அப்ப பிரிச்சு விட வேண்டாமா?"

மகன் நைந்த காலரைத் தடவியபடி நின்றார். கிழவர் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு மூன்றாவது விரலையும் சேர்த்து வைத்துக் கோடு போட்டார்.