சுலோசனாவின் புள்ளிக்கோடு

மார்கழிப் பருவத் தேர்வில் அறைக் கண்காணிப்பில் இருந்தேன். அலுவலகத்துக்கு போன் வந்ததாக உதவியாளர் வந்து மெல்லச் சொன்னார்: சுலோசனா காலையில் இறந்துவிட்டாள். மணி அடித்து, விடைத்தாள்களை வாங்கிய பிறகுதான் வெளியே வந்தேன்.

நம் கல்லூரி வேதியியல் துறை சுலோசனாவை உங்களுக்குத் தெரியும். நான் அண்ணனூரில் ரயில் ஏறுவேன். அவள் அடுத்து திருமுல்லைவாயிலில். நெடுங்காலம் வாடி போடி என்று பழகியவளை ‘அவர்’ என்று எழுத எனக்கு வரவில்லை.

சிறுநீரகம் பழுதான பிறகு அவள் டயாலிசிஸுக்குப் போகும்போது துணைக்குப் போவேன். அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் ஓடத் தொடங்கியதும், டாக்டர் விலக்கிய பண்டங்கள் எல்லாம் பைகளிலிருந்து வெளியே வரும். பக்கத்துக் கட்டில் கண்ணாயிரம், குமணன்சாவடி ஆட்டோக்காரர், பால்கோவாவை நீட்டுவார்.

“துன்னுங்க டீச்சர்! மெஷின் ஓடிக்கினுதானே கீது, அல்லாத்தையும் உறிஞ்சிடும்.”

கணிதம் சொல்லிக்கொடுப்பவள் நான், நம்பவில்லை. அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவுகளை வாங்கிச் சமன்பாடு எழுதினேன். பால் பண்டங்களில் நிறைய இருப்பதும், பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாததுமான பாஸ்பேட், ரத்தத்தில் முதல் மணி நேரத்தில் வேகமாக இறங்கியது. பிறகு அநேகமாக அப்படியே நின்றது. ரத்தம் ஒரு சின்னத் தொட்டி. தசையும் எலும்பும் அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய தொட்டி. நடுவில் குறுகலான குழாய். மெஷின் எடுக்க எடுக்கப் பின்னாலிருந்து மெல்ல ஊறி வருகிறது. தின்ற பால்கோவாவோ பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான் ரத்தத்தில் சேரும்.

சுலோசனா தாளைப் பார்த்தாள். “சரிதான். இதப் போய் அவங்ககிட்ட சொல்லப் போறியா? இருக்கற ஒரே சந்தோஷம் அதுதான்.” பிறகு, “சாப்பாட்டையே ஏண்டி பிடிச்சுக்கிட்டிருக்க? நேரத்தக் கூட்டிப் பாரேன்.”

வெளியேறிய மொத்தப் பாஸ்பேட்டைக் காட்டும் கோடு நான்கு மணி நேரத்தில் நின்றிருந்தது. ஆறு வரை புள்ளிக்கோடாக நீட்டினேன். ஏறிக்கொண்டே போயிற்று. டாக்டர் ஒப்புக்கொண்டார். ஆனால் இருக்கும் மெஷின்களில் ஒருவருக்குத்தான் கூடுதல் நேரம் தர முடியும் என்றார்.

“முதல்ல கண்ணாயிரம். பொங்கலுக்கு மேல நான்” என்றாள். பாஸ்பேட் சேர்ந்து வந்த அரிப்பில் அவர் கைகள் புண்ணாகியிருந்தன.

“உனக்காகப் போட்ட கணக்குடி இது. ரொம்ப நல்லவளாகாதே.”

“நல்லவளாவது! அந்த மனுஷன் சொறியற சத்தத்துல என்னால கண்ண மூட முடியல.”

அவள் இதயம் பொங்கல்வரை பொறுக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரம் அவளைக் காப்பாற்றியிருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். தெரியாது என்றார். என் சமன்பாட்டுக்கும் தெரியாது.

சாவு வீட்டுக்குக் கண்ணாயிரம் வந்திருந்தார். கைப்புண்கள் ஆறியிருந்தன. “டீச்சரோட நேரத்த நான் வச்சிக்கினு கீறேம்மா” என்றார். அவர் அருகிலேயே நின்றேன்.

திருமுல்லைவாயிலில் ரயில் நிற்கும்போது இப்போதும் பெண்கள் பெட்டியின் வாசலைப் பார்க்கிறேன். அவள் பெயர் எழுதிய வரைபடம் என்னிடம் இருக்கிறது. நான்கு மணி நேரம்வரை உள்ள கோடு அவள் உடம்பு தந்தது. மேலே போகும் புள்ளிக்கோடு, அவள் கேட்டு நான் போட்டது. பொங்கலுக்குப் பிறகு அதன்மேல் மையால் வரைவதாக இருந்தேன்.