அனுதாபம் தெரிவிக்க வந்தவன்

செத்தவீட்டுக்காரரோடு தொழில் செய்கிறவளுக்கு இரக்கம்தான் முதலில் வேண்டும் என்று நினைப்பீர்கள். இல்லை, எழுத்துப்பிழை பிடிக்கிற கண்தான் வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருந்துகொண்டு மரண அறிவித்தல் இணையத்தளம் நடத்துகிறேன். வீட்டுக்குள் இருந்தபடி இப்படி எதையாவது நடத்தி மண்டை காய்கிற சகோதரிகளே, இது உங்களுக்குத்தான்.

பெயர் எழுதும் இடம்

ஒவ்வொரு அறிவித்தலுக்குக் கீழும் அனுதாபம் எழுத ஒரு பெட்டி இருக்கும். அது நான் செய்ததல்ல. தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு பிளகின், எவரோ எங்கேயோ இருந்து செய்து வெளியிட்டது. பெயருக்கு ஒரு கட்டம், செய்திக்கு ஒரு கட்டம். எங்கட சனம் செய்திக் கட்டத்தில் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதிக் கையைத் தட்டிவிடும். முழுச் சரித்திரமும் பெயர்க் கட்டத்தில்தான்: 'சின்னக்கிளி, இணுவில் மேற்கு, சின்னண்ணையின் மூத்த மருமகள், முந்திப் பம்பலப்பிட்டியில் இருந்தவ, இப்ப ஸ்காபரோ.'

கொன்வென்டில் சிஸ்டர்மாரிடம் படித்தவள் நான். பெயர் என்றால் பெயர். அந்தச் சின்னக்கிளிக்குப் போன் எடுத்து, பெயரை மட்டும் போடும்படி மரியாதையாகச் சொன்னேன். அவ சொன்ன பதில்: "பெயரை மட்டும் போட்டால் நான் ஆரெண்டு செத்தவருக்கே விளங்காது, அக்கா."

வந்திருந்த ஆள்

என் கணவர் போய் இரண்டு வருடமாகிறது. அவருடைய அறிவித்தலும் இந்தத் தளத்தில்தான் இருக்கிறது. முதல் கிழமை அனுதாபம் குவிந்தது, பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மகள் மெல்பேர்னிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பாள், அதுவும் சமைத்துக்கொண்டு.

ஒரு காலை, அவருடைய பக்கத்துக்கு ஒரு செய்தி வந்து என் அனுமதிக்குக் காத்திருந்தது. வேறு பக்கங்களுக்கும் வந்திருந்தன. நான் பார்த்தது இதை மட்டும். தேத்தண்ணியை ஒரு பக்கம் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திறந்தேன். 'வருந்துகிறேன்' என்று இருந்தது. பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமை. கூச்சக்காரர் போல என்று நினைத்து அனுமதித்தேன்.

மத்தியானம் கொட்டாஞ்சேனையிலிருந்து சிவபாதம் ஐயா போன் எடுத்தார். புதிதாக மனைவியை இழந்தவர். முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி, அடுத்த கிழமை. அன்றைக்குக் கொடுக்கிற நினைவுமலரில், தளத்துக்கு வந்த அனுதாபங்கள் அத்தனையையும் அச்சடிக்கவேண்டும் என்று முன்னமே சொல்லிவைத்திருந்தார். குரலில் கோபம்கூட இல்லை. "பிள்ளை, மனிசியின்ர படத்தைத் தொட்டனான், சூதாட்டக் கடை திறக்குது. அவ சீட்டுக்கூடத் தொடாதவ."

ஷிரீன் சொன்னது

தெஹிவளை ஷிரீன்தான் என் தளத்துக்கு வைத்தியம் பார்ப்பவள். அந்தப் பிளகின் செய்திக் கட்டத்தைச் சோதித்ததாம், பெயர்க் கட்டத்தைச் சோதிக்கவில்லையாம். பெயருக்குப் பதிலாக அதில் ஒரு கட்டளையை எழுதிவிட்டிருக்கிறார்கள். அதை எழுத்தாகக் காட்டவேண்டிய பிளகின், நான் திறந்த உடனே என் அதிகாரத்தில் அதை ஓடவிட்டு, எல்லா அறிவித்தலுக்குள்ளும் புகுத்திவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் காலை அறிவித்தல் வாசிக்கிற சிஸ்டர் ஒருவர், எவளோ துண்டில் எழுதிச் செருகிய 'இன்று அரைநாள்' என்பதையும் அதே குரலில் வாசித்தார். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அதே கதைதான்.

எனக்கு அறியவேண்டியிருந்தது வேறு. வந்தவன் என் கணவரைத் தெரிந்தவனோ, ஏன் அவருடைய பக்கத்துக்கு வந்தான் என்று கேட்டேன். ஷிரீன் குரலைத் தணித்தாள். "ஆன்ட்டி, அது ஆளில்ல, மெஷின். எல்லாப் பக்கத்துலயும் ஒரே நேரத்துல போட்டிரிக்கி. ஒங்கட ஹஸ்பண்ட அதுக்குத் தெரியாது."

வாசிப்பு

வந்த அனுதாபங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் கெதியான வழி என்றாள். பழைய நகல் ஒன்று இருந்தது, ஆனால் அது சிவபாதம் ஐயாவின் மனைவி உயிரோடு இருந்த காலத்தது. அழிக்க விடமாட்டேன் என்றேன். அப்படியென்றால் தளத்தை மூடிவைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்கவேண்டும் என்று, எதுவும் ஓடமுடியாத வெறும் எழுத்தாக எல்லாவற்றையும் இறக்கித் தந்தாள். மகள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இந்தச் செத்தவீட்டுத் தொழிலை விட்டுப்போட்டு மெல்பேர்னுக்கு வரச் சொன்னாள். பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

சிவபாதம் ஐயாவுக்குப் பொறுமை இல்லை. பின்னேரம் தவறாமல் போன் எடுப்பார்; துப்புரவாக்கியதை நான் வாசிப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. இவள் கலியாண வீட்டில் முகத்தைத் திருப்பினவள், இப்ப உருகுகிறாள். இவன் நல்லவன், ஆனால் வாய் மூடாதவன். நான் சிரித்துவிட்டு, பிறகு சாவீட்டு விஷயமல்லவா என்று இருமுவேன். அவருடையது எல்லாம் வாசித்து முடிந்த அன்று, போனை வைப்பார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. "பிள்ளை, உங்கட மனிசனுக்கு வந்ததிலயும் ஒண்டு வாசியுங்கோவன்."

எல்லாம் சரி

பிளகின் செய்தவர்கள் திருத்தம் வெளியிட, ஷிரீன் அதைப் போட்டுத் தளத்தைத் திறந்தாள். நினைவுமலர் நேரத்துக்கு அச்சாகி, எனக்கும் ஒரு பிரதி தபாலில் வந்தது. நல்ல தாள், ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

அந்தியேட்டி முடிந்த பிறகு பின்னேரங்களில் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்து பார்த்தேன். கடைசியில் நானே எடுத்து, தளம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று தொழில்காரிபோலக் கேட்டேன். பாவம், அவர் என்னை ஆறுதல்படுத்தினார். "ஓம் பிள்ளை, எல்லாம் வடிவா வேலை செய்யுது. இனி உங்களைக் கரைச்சல்படுத்த மாட்டன்."

ஓட்டையை அடைத்துத் தந்ததற்கு ஷிரீனுக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் இப்போது பின்னேரங்களில் என் போன் அடித்தால், அது நம்பர் மாறி எடுத்தவர்தான்.