விரல் நுழையாத டயர்

நான் படிக்காமல் எதையும் வாங்குகிறவன் அல்ல. மழைக்கும் வெயிலுக்கும் ஒரே டயர் வேண்டும் என்று, என் சைக்கிளுக்கு அகலமான டியூப்லெஸ் டயர் தேடி ஒரு கோடை முழுக்கப் படித்தேன். டயருக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும் என்றும் படித்தேன். அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல். கவரைப்பேட்டை தாண்டி வயலோரக் குறுக்குவழியில் போனபோது, டயருக்கும் சட்டத்துக்கும் இடையே சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிட்டது. பஞ்சர் மட்டும் ஆகவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன்.

மீன் கூடைகளோடு ஒரு ஷேர் ஆட்டோ நின்றது.

"இன்னா சார், சைக்கிளு உம்மேல குந்திகினு போவுதா?" என்றார் உள்ளேயிருந்த மீன்காரம்மா.

"புது டயரும்மா. மழைக்குன்னே வாங்கினது."

"நல்லாத்தான் கீது. ஏறு."

சைக்கிளை ஆட்டோவின் கூரையில் ஏற்றினேன். அவர் பக்கத்திலிருந்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். கூடைத் தண்ணீர் என் பேண்ட்டில் வடிந்தது.

நேர்காணலில் அதிகாரிகள் நாற்காலிகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். நீளமாகக் கேள்வி கேட்க யாருக்கும் மூச்சில்லை. பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

இப்போது கொஞ்சம் ஒல்லியான டயர்தான். நடுவே விரலை விட்டுப் பார்க்கும்போதெல்லாம், அந்தம்மா மடிக்கு ஏற்றிக்கொண்ட கூடை நினைவுக்கு வருகிறது.